மாடித்தோட்டத்துக்கு மண்கலவை: பையில் எதை நிரப்புவது, எப்படிச் சோதிப்பது

மாடியில் வைத்த கத்தரிச் செடி மத்தியானம் இலை தொங்கி நிற்கும். பார்த்தவுடன் கை தானாகத் தண்ணீர்க் குடத்துக்குப் போகும். ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு இஞ்ச் உள்ளே விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஈரமாக இருந்து, சாயங்காலம் செடி தானே நிமிர்ந்துவிட்டால் அது வெயிலின் வேலை, விட்டுவிடலாம். ஈரமாகவே இருந்து, பொழுது சாய்ந்தும் நிமிரவில்லை என்றால் வேருக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். வேர் நீரை உறிஞ்சுவதற்கே ஆக்சிஜன் தேவை. மண்ணின் இடுக்குகள் எல்லாம் நீரால் அடைபட்டால், நீருக்குள் நின்றுகொண்டே செடி வாடும்.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் விதைக்கும் உரத்துக்கும் காட்டும் அக்கறையைப் பையில் நிரப்பும் கலவைக்குக் காட்டுவதில்லை. என் அனுபவத்தில் மாடித்தோட்டத்துச் செடிகளுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி கலவையில்தான் தொடங்குகிறது. கலவையில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதைவிட, நீர் வடிந்த பிறகு அதில் எவ்வளவு காற்று மிஞ்சுகிறது என்பதை முதலில் கேளுங்கள். சத்தை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். காற்றோட்டத்தைச் செடி நட்ட பிறகு சேர்க்க முடியாது.

பையும் நிலமும் ஒன்றல்ல

வயலில் நல்ல விளைச்சல் தரும் மண்ணை அள்ளிப் பையில் போட்டால் அதே விளைச்சல் வரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நிலத்தில் ஊற்றிய நீர் பல அடி ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போகும். பையில் ஒரு அடிதான் உயரம். அடியில் ஓட்டை இருந்தாலும் கடைசிச் சில விரற்கடை உயரத்துக்கு நீர் வடியாமல் தேங்கி நிற்கும். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நனைத்து, படுக்கை வாட்டில் பிடித்துச் சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு அதையே நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். உயரம் கூடக்கூட வடிவது கூடும். எப்படிப் பிடித்தாலும் அடி ஓரம் மட்டும் ஈரமாகவே இருக்கும். பைக்குள் நடப்பதும் இதுதான்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. துகள் பொடியாக இருந்தால் அந்த ஈர அடுக்கு உயரும். பருமனாக இருந்தால் தாழும். ஒரே கலவையை உயரம் குறைந்த தொட்டியில் போட்டால் அதன் பெரும்பகுதி ஈர அடுக்காகவே இருக்கும். ஆகவே அரையடித் தட்டில் கீரை போடுவதற்கு, ஒன்றரை அடிப் பைக்குப் போடுவதைவிடக் கொரகொரப்பான கலவை வேண்டும்.

மூன்றாவது விஷயத்தைச் சொன்னால் பலர் ஒத்துக்கொள்வதில்லை. பையின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது சரியல்ல. பொடி மண்ணில் பிடித்திருக்கும் நீர், ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் நிரம்பித் ததும்பிய பிறகே சொட்டும். அதனால் தேங்கிய ஈரம் ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும்; வேர் ஓட இருந்த இடமும் அந்த அளவுக்குக் குறைந்துபோகும். ஓட்டை வழியாக மண் ஒழுகாமல் இருக்க ஒரு ஓட்டாஞ்சில்லோ கொஞ்சம் தேங்காய் நாரோ போதும்.

பொருள்களை வாங்கும்போது

தமிழ்நாட்டில் அதிகம் கிடைப்பது செம்மண். இரும்பு ஆக்சைடு கொடுத்த நிறம் அது. மட்கு குறைவு, தனியாகப் போட்டால் நாலு நாள் தண்ணீர் ஊற்றியதும் மேலே ஓடு கட்டும், முளை அதைத் தூக்க முடியாமல் திணறும். ஆனாலும் கலவையில் ஒரு பங்கு செம்மண் அவசியம் என்பது என் கருத்து. அது சத்துகளைப் பிடித்துவைக்கும், பைக்கு எடை கொடுக்கும், நுண்ணூட்டமும் கொஞ்சம் தரும். கட்டட அஸ்திவாரம் தோண்டிய ஆழத்து மண்ணையும் செம்மண் என்று சொல்லி லோடு கணக்கில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதில் உயிர் இருக்காது. மேல்மண்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

வாங்கிய மண்ணில் களி எவ்வளவு என்று பார்க்க ஒரு பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை துணி துவைக்கும் பவுடர் போட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் படிவது மணல். அதற்கு மேல் சில மணி நேரத்தில் படிவது வண்டல். மறுநாளும் கலங்கலாக மிதந்து மெல்லப் படிவது களி. களிப் படிவம் தடிமனாக இருந்தால் அந்த மண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கரிசல் மண் விருதுநகர், கோவில்பட்டிப் பக்கத்து நிலங்களில் பருத்திக்கும் சோளத்துக்கும் அருமையானது. பைக்கு உதவாது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகும். ஊற்றுகிற நீர் அந்த இடுக்கு வழியாக நேரே கீழே போய்விடும். வேர் நனையவே நனையாது.

மணல் விஷயத்தில் கவனம் வேண்டும். ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் பெரும்பாலோர் கையில் இருப்பது எம்-சாண்ட். பாறையை உடைத்துச் செய்வதால் அதில் மாவு போன்ற தூசி கலந்திருக்கும். அதைச் சலிக்காமல் போட்டால் இருக்கிற இடுக்கையும் அடைத்துவிடும். கொசுவலை அளவுச் சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் பருமணலை மட்டும் கழுவி எடுங்கள். களிமண்ணில் ஒரு கை மணல் போட்டால் இளகிவிடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். மணல் பாதிக்கு மேல் போனால்தான் களியின் குணம் மாறும். அதற்குக் குறைந்தால் சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகும். கடல் மணல் உப்பு. தொடவே வேண்டாம்.

தொழு உரமோ மண்புழு உரமோ, மட்கியது என்று விற்பவர் சொன்னால் மட்டும் போதாது. நன்கு மட்கியதில் சாண வாடை இருக்காது, மழை பெய்த மண்ணின் வாசனை வரும். உள்ளே கை விட்டால் சூடு தெரியாது. சந்தேகம் இருந்தால் ஒரு கப்பில் அந்த உரத்தை மட்டும் நிரப்பி வெந்தயம் விதையுங்கள். சீராக முளைத்துப் பச்சையாக நின்றால் சரி. முளைக்காமல் போனாலோ, முளைத்தது வெளுத்துக் கருகினாலோ இன்னும் சில வாரம் நிழலில் கிடக்கட்டும். மண்புழு உரம் நல்லது என்பதற்காகப் பாதிப் பையை அதனால் நிரப்பக் கூடாது. அது பொடியானது, நீரைப் பிடித்துவைப்பது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் காற்று குறையும்.

கோகோபீட்: அதிகம் பேச வேண்டியது

தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூள்தான் தென்னை நார்க்கழிவு, கடைப் பெயரில் கோகோபீட். பொள்ளாச்சி வட்டாரத்தில் ஒரு காலத்தில் கயிறு ஆலைகளின் ஓரம் மலையாகக் குவிந்து கிடந்த கழிவு இன்று கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. எடை இல்லாதது, தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் நீர் பிடிக்கும். எளிதில் சிதையாத லிக்னின் என்ற மரப்பொருள் மிகுதி என்பதால் சீக்கிரம் மட்கி அமுங்காது. மாடிக்கு இதைவிட வாகான பொருள் இல்லை. ஆனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

முதலாவது உப்பு. தென்னையிலேயே பொட்டாசியமும் குளோரைடும் உண்டு. மட்டையை உவர்நீரில் ஊறவைத்திருந்தால் சோடியமும் ஏறியிருக்கும். கட்டியின் மேல் கழுவியது, உப்பு குறைந்தது என்று எழுதியிருந்தாலும் ஒரு முறை பாருங்கள். குடிநீர் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டரால் முதலில் நீங்கள் ஊற்றப்போகும் தண்ணீரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பங்கு ஈரக் கோகோபீட்டை இரண்டு பங்கு அதே தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழிந்த நீரை அளந்து பாருங்கள். வித்தியாசம் 300க்கு மேல் இருந்தால், சாக்கில் கட்டி நீர் ஊற்றி வடித்து மறுபடி அளக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருந்தால் எத்தனை முறை அலசினாலும் அந்த நீரின் உப்புக்குக் கீழே இறங்காது. மழைநீர் கிடைக்கும் நாளில் அலசுவது நல்லது.

இரண்டாவது தழைச்சத்து. மட்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் 100க்கு 1 என்ற அளவையும் தாண்டும். அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைக் கலவையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடி மஞ்சளித்து நிற்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்திருக்கிறது: ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து மட்கவைப்பது. விகிதம் 24க்கு 1 என்ற அளவுக்கு இறங்கும். பத்துப் பைக்கு இவ்வளவு வேலை வேண்டியதில்லை. மட்கிய நார்க்கழிவு உரம் என்றே விற்கிறது, அதை வாங்கலாம். அல்லது சாதாரணக் கோகோபீட்டோடு தொழு உரத்தைக் கலந்து பத்து நாள் ஊறப்போடலாம்.

மூன்றாவதில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். கோகோபீட்டின் மேற்பரப்பு வெளிர் நிறமாகக் காய்ந்து தெரியும்போதே உள்ளே ஈரம் நிறைய இருக்கும். மேல் நிறத்தைப் பார்த்து தினமும் ஊற்றினால் அடிவேர் அழுகும். பையின் ஓரத்தைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். நன்கு நனைந்த பையின் கனமும் காய்ந்த பையின் கனமும் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். எந்தக் கருவியையும்விட அது நம்பகமானது.

கோகோபீட்டை மட்டுமே நிரப்பி வளர்ப்பது பசுமைக்குடில் வைத்து, ஒவ்வொரு முறையும் கரைந்த உரம் கலந்த நீரே விடுகிறவர்களுக்கான வழி. அதில் சுண்ணாம்புச் சத்து போதாது. தக்காளிக் காயின் அடி கறுத்து அமுங்குவதைப் பார்க்கலாம். தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

பெர்லைட், வெர்மிகுலைட் இரண்டும் சூடேற்றிப் பொரியவைத்த கனிமங்கள். முன்னது காற்றோட்டத்துக்கு, பின்னது ஈரத்துக்கும் சத்தைப் பிடித்துவைக்கவும். விலை கூடுதல். நாற்றுத் தட்டுக்குக் கொஞ்சம் வாங்கலாம். காய்கறிப் பைக்குப் பருமணலும் உடைத்த செங்கல் துண்டும் அந்த வேலையைச் செய்யும். உமிக்கரி கிடைத்தால் சேர்க்கலாம், பத்தில் ஒரு பங்குக்குள்.

கலப்பது

நர்சரிகளில் பழகிப்போன கணக்கு செம்மண் 2, மணல் 1, தொழு உரம் 1. தரையில் வைக்கும் தொட்டிக்கு அது இன்றும் நல்ல கணக்கு. மாடியில் எடை இடிக்கும். மேலே நடமாடும்படி கட்டிய கூரைக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 வைத்திருக்கும் பளு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. ஒரு அடி உயரத்துக்கு ஈர மண்ணை இடைவெளி இல்லாமல் பரப்பினால் அதே சதுர மீட்டரில் 500 கிலோ வந்துவிடும். 12க்கு 12 இஞ்ச் வட்டப் பையில் மேலே இரண்டு இஞ்ச் விட்டு நிரப்பினால் 18 லிட்டர் பிடிக்கும். மண் மட்டும் என்றால் நனைந்தபின் 30 கிலோ. கீழே சொல்லும் கலவை என்றால் 20 கிலோவை ஒட்டி நிற்கும். பைகளை நடுத்தளத்தில் குவிக்காமல் சுவரும் உத்திரமும் தாங்கும் ஓரங்களில் இடம் விட்டு வையுங்கள். பழைய வீடு என்றால் பொறியாளரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

கலவை, அளவு முறத்தாலோ வாளியாலோ:

கோகோபீட் (ஊறி உதிர்ந்தது) 4 வாளி
செம்மண் 2 வாளி
தொழு உரம் அல்லது மண்புழு உரம் 2 வாளி
சலித்த பருமணல் 1 வாளி

பத்துப் பைக்கு 180 லிட்டர் வேண்டும். 5 கிலோ கோகோபீட் கட்டி ஊறினால் 60 முதல் 75 லிட்டர் வரை வரும்; ஆக ஒரு கட்டியும் இன்னொன்றில் கொஞ்சமும். மண்புழு உரம் 25 கிலோ அளவு. கலக்கும்போது பொடி இடுக்குகளில் புகுந்து மொத்த அளவு சற்றுக் குறையும், எல்லாவற்றையும் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டியைக் கத்தியால் வெட்டாதீர்கள். தொட்டியில் போட்டு நீர் ஊற்றினால் தானே உதிரும். தார்ப்பாயில் எல்லாவற்றையும் கொட்டி மண்வெட்டியால் இரண்டு மூன்று தடவை புரட்டுங்கள். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு, தொழு உரத்தில் கலந்த டிரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) கொஞ்சம் சேர்த்து, பிடித்தால் உருண்டு தொட்டால் உதிரும் ஈரத்தில் நிழலில் மூடி வையுங்கள். பத்து நாள் கழித்து நிரப்பலாம். ஆடிப்பட்டத்துக்கு விதைக்க நினைப்பவர்கள் ஆனி நடுவிலேயே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் நிற்கப்போகும் பை என்றால் பருமணலை இன்னும் அரை வாளி கூட்டி, கோகோபீட்டை அரை வாளி குறைத்துக்கொள்ளுங்கள்.

காற்றை அளப்பது

நிரப்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. அரை மணி நேர வேலை.

இரண்டு லிட்டர் பாட்டிலின் தலையை வெட்டிவிட்டு, அடியில் நாலைந்து ஓட்டை போட்டு டேப்பால் ஒட்டுங்கள். ஒரு லிட்டர் நீர் ஊற்றி மட்டத்தில் கோடு போட்டு, நீரைக் கொட்டிவிடுங்கள். கோடு வரை கலவையை நிரப்பித் தரையில் மெல்லத் தட்டி, அமுங்கிய அளவு மறுபடி நிரப்புங்கள். ஓரமாக மெதுவாக நீர் ஊற்றி, மேலே பளபளவென்று நீர் தெரிந்ததும் நிறுத்தி, சில நிமிடம் விட்டு டேப்பை எடுத்து வடியவிடுங்கள். இந்த முதல் வடிநீரைக் கணக்கில் எடுக்காதீர்கள். டேப்பை ஒட்டி மறுபடி அதேபோல் நிறைத்து, பாத்திரத்தின் மேல் வைத்துத் திறந்து, சொட்டு நிற்கும்வரை விடுங்கள். பிடித்த நீரை அளந்து பாருங்கள்.

வடிந்த நீர் விட்டுப்போன இடம்தான் காற்றின் இடம். ஒரு லிட்டர் கலவையிலிருந்து 100 முதல் 200 மில்லி வடிந்தால் காய்கறிக்கு நல்ல கலவை. 100க்குக் கீழே போனால் பருமணலோ செங்கல் துண்டோ கூட்டி மறுபடி சோதியுங்கள். 250ஐத் தாண்டினால் சித்திரை வெயிலில் இருவேளை நீர் ஊற்ற நேரிடும். உரத்தையோ செம்மண்ணையோ சற்றுக் கூட்டலாம். பாட்டில் பையைவிடக் குட்டை என்பதால் பையில் நிலைமை இதைவிடச் சற்று நன்றாகவே இருக்கும்.

நாலு வகைப் பையில் ஒரு ஒப்பீடு

சொல்லைக் கேட்டு நம்புவதைவிடக் கண்ணால் பார்ப்பது மேல். வெண்டை இதற்குத் தோதான பயிர். சீக்கிரம் முளைக்கும், விதையும் பெரிது. செம்மண் மட்டும், செம்மண்–மணல்–தொழு உரம், கோகோபீட் மட்டும், மேலே சொன்ன கலவை என்று நாலு வகை எடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பை வையுங்கள். ஒரே பை என்றால் எறும்பு தின்ற விதையும் பூச்சி கடித்த முளையும் முடிவைக் கெடுத்துவிடும். ஒரே விதைப் பாக்கெட், ஒரே ஆழம், ஒரே வெயில். பைகளை வகைவாரியாக அடுக்காமல் கலந்து வையுங்கள். மதில் நிழல் ஒரு வகைக்கு மட்டும் விழாமல் இருக்கும்.

நீர் ஊற்றுவதில் ஒரு சிக்கல் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஊற்றினால் ஒன்று நனைந்து கிடக்கும், ஒன்று காயும். அந்தந்தப் பையின் கனம் பார்த்து ஊற்றி, ஊற்றிய அளவைக் குறித்துவைப்பதே நியாயம். எந்தக் கலவை எவ்வளவு நீர் கேட்கிறது என்பதும் அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.

கோகோபீட் மட்டும் உள்ள பையில் முளைப்பு முந்தும், சீராகவும் இருக்கும். விதைக்குள் இருந்த சத்து தீர்ந்து மூன்றாம் நாலாம் இலை வரும்போது வளர்ச்சி தேங்கி நிறம் வெளுக்கும். செம்மண் பையில் ஓடு கட்டி முளைப்பு பிந்தும். கலவைப் பைகளில் இலை விரிவில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். வாரம் ஒரு முறை உயரமும் இலை எண்ணிக்கையும் எழுதுங்கள். பூ வரும் பருவத்தில் வகைக்கு ஒரு பையைக் கிழித்து வேரை வாளி நீரில் அலசிப் பாருங்கள். இதைத் தவறவிடாதீர்கள். காற்றோட்டம் உள்ளதில் வேர் வெள்ளையாகச் சல்லி சல்லியாகக் கிளைத்திருக்கும். இறுகியதில் தடித்த நாலு வேர் பழுப்பேறிப் பை ஓரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே ஒரே மாதிரி தெரிந்த இரண்டு செடிகளில் எது அடுத்த மாதமும் காய்க்கும் என்று அங்கேதான் தெரியும்.

நாற்றுக்கு வேறு கணக்கு. குழித்தட்டின் குழி ஆழம் குறைவு; அதனால் செம்மண் கூடாது. அலசிய கோகோபீட் மூன்று பங்கும் சலித்த மண்புழு உரம் ஒரு பங்கும் போதும். வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட் பெரும்பாலும் மரத்தில் ஒட்டி வாழும் செடி, அதன் வேருக்கு மண்ணே வேண்டாம். கரித்துண்டு, மட்டைத் துண்டு, செங்கல் சில்லு மட்டும்.

அறுவடைக்குப் பின்

ஒரு பயிர் முடிந்ததும் கலவையைத் தூக்கி எறிய வேண்டாம். மட்கு கரைந்து மட்டம் இறங்கியிருக்கும், பொடி அடியில் சேர்ந்திருக்கும். தார்ப்பாயில் கொட்டி வேர்களைப் பொறுக்கி, மெல்லிசாகப் பரப்பி வெயிலில் சில நாள் காயவிடுங்கள். நாலில் ஒரு பங்கு புதிய உரமும் கொஞ்சம் கோகோபீட்டும் சேர்த்து, பாட்டில் சோதனையை மறுபடி செய்து பார்த்து நிரப்புங்கள். வெள்ளையாகச் சுருண்ட தடித்த புழு கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்கள். சாண எருவோடு வந்த வண்டுப் புழு அது, வேரைத் தின்னும்.

பொறுக்கிய வேர்களில் மணி மணியாக முடிச்சு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பயறு வகை வேரில் இருக்கும் முடிச்சு நல்லது, விரலால் நிமிண்டினால் உதிரும். வெண்டை, கத்தரி, தக்காளி வேரில் உதிராமல் வேரே வீங்கினாற்போல் இருந்தால் அது நூற்புழு, வேருக்குள் புகுந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத புழு. அந்தப் பை மண்ணை மற்றவற்றோடு கலக்காமல் தனியே வெயிலில் நன்றாகக் காயவைத்து, வேப்பம் பிண்ணாக்கு சேர்த்து, அடுத்த பயிராகச் செண்டுமல்லி வையுங்கள். நாற்று வளர்க்க அந்த மண்ணை எடுக்கவே எடுக்காதீர்கள்.